சீலிங்கை உடைத்தது நான்தான்

வயது இருபத்தேழு. மெக்கானிக்கல் இன்ஜினியர். மேற்படி முகவரியில் அம்மாவுடன் குடியிருக்கிறேன். கட்டடங்களுக்கு ஏசி, மின்சாரம், பம்பு வேலைகளை எடுத்துச் செய்யும் கம்பெனியில் டெண்டரையும் ஒப்பந்தங்களையும் பார்த்துக்கொள்கிறேன். என்மேல் புகார் கொடுத்திருக்கும் எங்கள் கம்பெனி மேனேஜர் என் தாய்மாமன். சீலிங்கை உடைத்தது நானா என்று கேட்டதற்கு, நான்தான்.

புதிய மருத்துவமனையில் ஏசி காற்றைக் கொண்டுபோகும் டக்ட் குழாய் வேலைக்கு நாங்கள் கொட்டேஷன் வாங்கியதில் ஒருவர் மற்றவர்களைவிட மிகக் குறைவாகப் போட்டிருந்தார். எல்லாரையும் 'தங்கம்' என்று கூப்பிடுவதால் அவருக்கே அது பெயராகிவிட்டது. டக்ட் ஒரு வார்டிலிருந்து அடுத்த வார்டுக்குச் சுவரைத் தாண்டும் இடத்தில் உள்ளே ஃபயர் டாம்பர் வைக்க வேண்டும். தீப்பிடித்தால் தானாக மூடிக்கொண்டு புகையை அந்தப் பக்கம் விடாத இரும்புத் தகடு அது. இந்த விலையில் அது எப்படி வரும் என்று கேட்டேன். "எல்லாம் சேத்துத்தான் தங்கம்" என்றார். நான் நம்பாததால், நான் பார்க்காமல் டக்டுக்குக் கீழே சீலிங்கை மூடக் கூடாது என்று ஒப்பந்தத்தில் ஒரு விதியைச் சேர்த்தேன்.

அதன் பிறகு நான் வேறொரு டெண்டர் கூட்டத்துக்குப் போயிருந்தபோது சீலிங்கை மூடிவிட்டார்கள். அதன் பிறகு மாமா, வேலை முடிந்ததற்கான சான்றிதழை நீட்டி, "ஒரு கையெழுத்துதான மாப்ள, அதுக்கு ஏன் மூஞ்சத் தூக்கி வச்சுக்கிட்டு நிக்கிற?" என்றார். நான் மாமாவையும் தங்கத்தையும், எழுந்து நடக்க முடியாத நோயாளிகளுக்கான வார்டுக்குக் கூட்டிப்போய், ஏணி போட்டு, ஒரு விளக்கைக் கழற்றிக் காட்டினேன். டக்டில் சின்ன மூடி தெரிந்தது. டாம்பரைச் சோதிக்க அதன் பக்கத்தில் வைக்கும் மூடி.

"அதான் மூடி தெரியுதுல்ல தங்கம். சோதனைக்கு வந்தவங்களே கீழ நின்னு பாத்துட்டு சரின்னு போயிட்டாங்க. நீ என்ன உள்ள குடியேறப் போறியா?" என்றார் தங்கம்.

கை எட்டாததால் சுத்தியலால் சீலிங்கை உடைத்து, மூடியைத் திறந்து, கையை உள்ளே விட்டேன். டாம்பர் இருந்தால் கை தகட்டில் இடித்திருக்கும். தோள்வரை போனது. அதன் பிறகு டார்ச் அடித்தேன். வெளிச்சம் சுவரைத் தாண்டி அடுத்த வார்டின் காற்றுத் துவாரம் வழியாக அங்கே போட்டிருந்த கட்டிலில் விழுந்தது. மாமா இரண்டு வார்டுக்கும் நடுவிலிருந்த கதவருகே நின்று அந்தக் கட்டிலைப் பார்த்தார். பிறகு, "எறங்குடா" என்றார். நான் இறங்கி, ஏணியை அடுத்த வார்டுக்குத் தூக்கிப்போய் அங்கேயும் உடைத்தேன். அங்கேயும் மூடி மட்டும்தான். அதன் பிறகு மாமா புகார் கொடுத்தார்.

இன்று அவர் இந்த ஸ்டேஷனுக்கு வந்து, "உங்கம்மா சாப்பிடாம உக்காந்திருக்கா. நான் வாபஸ் வாங்கிக்கிறேன். நீ கையெழுத்தப் போட்டுட்டு வீட்டுக்கு வா" என்றார்.

"வாங்காதீங்க மாமா" என்றேன். "வாங்கினா ஓட்டைய அடைச்சு பெயின்ட் அடிச்சிருவீங்க. கேஸ் இருந்தாத்தான் போலீஸ் வந்து மேல பாக்கும்."

மாமா எழுந்து போய் வெளி பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார். இதுவரை வாபஸ் வாங்கவில்லை.

இடத்தைப் பார்வையிட வரும் அதிகாரி மூடியைப் பார்த்ததோடு திரும்பாமல் கையை உள்ளே விட்டுப் பார்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன். ஏணி அங்கேயேதான் இருக்கிறது.

இதை எனக்குப் படித்துக் காட்டினார்கள். நான் சொன்னது சொன்னபடி இருக்கிறது, அத்தனையும் உண்மை. உள்ளே பார்க்காத வேலைக்கு நான் கையெழுத்துப் போடுவதில்லை. இதைப் பார்த்துவிட்டேன், போடுகிறேன்.

(ஒப்பம்)