பூஜ்யம் காட்டிய கருவி

கனமான எதையாவது தூக்கினால் எனக்கு இடுப்பு பிடித்துக்கொள்ளும். அதனால்தான் எடை குறைந்த கருவி செய்யக் கிளம்பினேன் என்று ஆய்வகத்தில் வேடிக்கையாகச் சொல்வேன். பலூனில் கட்டி மேலே விடுகிற கருவி. தெர்மாகோல் பெட்டி, சின்ன பம்ப், கொஞ்சம் திரவம். காற்றில் நைட்ரஜன் டை ஆக்சைடு கலந்திருந்தால் அந்தத் திரவம் மங்கலாக ஒளிரும். ஒளியை அளந்தால் நச்சின் அளவு தெரிந்துவிடும். மொத்தம் முக்கால் கிலோ. பதினொரு வருடம் அதற்கே போயிற்று.

என் மனைவியின் தம்பியை அங்கே வேலைக்குச் சேர்த்துவிட்டவன் நான்தான். கெட்டிக்காரன். எட்டே மாதத்தில் ஒரு குறையைப் பிடித்துவிட்டான். திரவம் பழசானால் ஒளி மங்குகிறது, கருவி நச்சைக் குறைத்துக் காட்டுகிறது.

"அத்தான், அனல் மின் நிலையத்துக்குப் பக்கத்துல இருக்கிற குடியிருப்புக்குப் பயமில்லைன்னு எழுதிக் கொடுத்தோமே, அது தப்பு. அங்க குழந்தைங்க இருக்கு. திங்கக்கிழமை கூட்டத்துல நீங்களே சொல்லிடுங்க. நான் சொன்னா நல்லா இருக்காது."

"சொல்லிடலாம்ப்பா" என்றேன்.

அவன்மேல் எனக்குக் கோபம் கிடையாது. கடைசி வரை மரியாதையாகத்தான் பேசினான்.

சனிக்கிழமை காலை, கருவிகளைச் சரிபார்க்கும் அறைக்கு அவனை அனுப்பினேன். சன்னல் இல்லாத சின்ன அறை. அதே வாயு அங்கே சிலிண்டரில் இருக்கும். வால்வை முன்கூட்டியே லேசாகத் திறந்து வைத்திருந்தேன். சுவரிலிருந்த எச்சரிக்கை மணியை, பழுது என்று எழுதிவிட்டுக் கழற்றியிருந்தேன். அவன் கையில் கொடுத்த கருவியில் புதுத் திரவம் ஊற்றியிருப்பதாகச் சொன்னேன். ஊற்றியிருந்தது தண்ணீர்.

கொஞ்ச நேரத்தில் கதவைத் திறந்து தலையை நீட்டினான். "ஏதோ நெடி அடிக்குதே அத்தான்."

"கருவி என்ன காட்டுது?"

"பூஜ்யம்."

"அப்புறம் என்ன? ஒரு மணி நேரம் ஓடட்டும், பக்கத்துலயே இரு."

சிரித்துக்கொண்டே கதவைச் சாத்தினான். வெளியே வந்தபோது லேசான இருமல், அவ்வளவுதான். மதியம் என்னோடுதான் சாப்பிட்டான். அந்த வாயு உடனே ஒன்றும் செய்யாது. சில மணி நேரம் கழித்துத்தான் நுரையீரலில் நீர் கோக்கும்.

மாலையில் மூச்சு வாங்கியது. மருத்துவமனைக்கு நான்தான் காரை ஓட்டினேன். அவன் தலையை என் மனைவி மடியில் வைத்திருந்தாள். மருத்துவர் என்னைத் தனியே கூப்பிட்டு, "வேலை செய்யற இடத்துல ஏதாவது வாயுவைச் சுவாசிச்சாரா? தெரிஞ்சா அதுக்குத் தகுந்த மருந்தை இப்பவே ஆரம்பிக்கலாம்" என்றார். நான் இல்லை என்றேன். என் மனைவி, "இவருக்குத் தெரியாம அங்க எதுவும் நடக்காது டாக்டர்" என்றாள்.

விடிவதற்குள் முடிந்துவிட்டது.

வால்வைத் திறந்தேன், தண்ணீர் ஊற்றினேன், இரண்டையும் எழுதிக்கொள்ளுங்கள் இன்ஸ்பெக்டர். ஆனால் மருத்துவரிடம் பொய் சொன்னதாக மட்டும் எழுதாதீர்கள். கருவி பூஜ்யம் காட்டியது. நான் அதைத்தான் சொன்னேன்.