ஸ்டெப்னிக் குழாயில் வந்தது காற்றுதான்

அந்தக் குழாயில் வந்தது காற்றுதான். சோதனைச் சாவடிக் காவலர் அருள்பாண்டி வேறு எதையாவது சொல்லியிருந்தால் அது அவருடைய மூக்கின் கோளாறு, குழாயின் கோளாறு அல்ல. பெயரைத்தான் முதலில் சொல்ல வேண்டும் என்று இதை எழுதும் ஏட்டு முத்துமீனா சொல்வதால் சொல்கிறேன். என் பெயர் மொக்கைச்சாமி, வயது எழுபத்தொன்று, தகப்பனார் பெயர் காளை, வில்லாபுரத்தில் குடியிருக்கிறேன், ஐந்தாம் வகுப்பு பாதிவரை படித்திருக்கிறேன், முப்பது வருடம் பஞ்சர் கடை வைத்திருந்தேன். நான் சாட்சியா, குற்றவாளியா என்று இரண்டு முறை கேட்டுவிட்டேன். யாரும் சொல்லவில்லை.

லாரி என் தங்கை மகன் சிவனாண்டியுடையது. அவன் சோழவந்தானில் வெற்றிலை ஏற்றி வெளியூர்ச் சந்தைகளுக்குக் கொண்டுபோகிறான். ஸ்டெப்னி என்கிற மாற்று டயர் லாரியின் பின்பக்கம் அடியில் சங்கிலியில் தொங்குகிறது. அதில் காற்று இருக்கிறதா என்று பார்க்க மல்லாந்து படுத்து உள்ளே நுழைய வேண்டும் என்பதால் அவன் பார்ப்பதே இல்லை. போன பங்குனியில் விருதுநகர் தாண்டி ஒரு டயர் வெடித்து, அதன் பிறகு ஸ்டெப்னியை இறக்கிப் பார்த்தால் அதிலும் காற்று இல்லை. உதவி வருவதற்குள் வெயிலில் வெற்றிலை முழுவதும் கறுத்துவிட்டது. சிவனாண்டி அதை ரோட்டோரம் கொட்டிவிட்டு வெறும் லாரியோடு வந்தான். அதன் பிறகு நான் ஸ்டெப்னியின் வால்வில் ஒரு ரப்பர் குழாயை முறுக்கி மாட்டி, மறுமுனையை லாரியின் பக்கப் பலகைக்குக் கொண்டுவந்து மூடி போட்டேன். இப்போது நின்றபடியே கேஜை வைத்து அளவு பார்க்கலாம், குறைந்தால் காற்றும் பிடிக்கலாம்.

இன்று காலை பத்து மணிக்கு நானும் அவனும் வெற்றிலைக் கட்டுகளோடு வந்தபோது சாவடியில் நிறுத்தினார்கள். காவலர் அருள்பாண்டி குழாயைக் காட்டி, "என்ன பெருசு இது?" என்றார். நான், "சாராயம் தம்பி. மூடியத் தொறந்தா சொம்பு நெறைய வரும். ஓடிப் போயி ஒரு சொம்பு கொண்டா" என்றேன். சிரிப்பார் என்று நினைத்துச் சொன்னது. அவர் சிரிக்கவில்லை. அதன் பிறகு கத்தியை எடுத்துக் குழாயை அறுத்தார். காற்று புழுதியோடு அவர் முகத்தில் அடித்தது. நான், "அடடா, அம்புட்டும் ஆவியாப் போச்சே" என்றேன். இதையும் சொல்லியிருக்கக் கூடாது. சிவனாண்டி என்னைக் கையெடுத்துக் கும்பிட்டு, "மாமா, ஒங்களுக்குப் புண்ணியமாப் போகும், வாய மூடுங்க" என்றான்.

அதன் பிறகு எங்களை ஸ்டேஷனுக்குக் கூட்டிவந்து அவனை உள்ளே உட்கார வைத்தார்கள், என்னை வெளியே உட்கார வைத்தார்கள். சாராயம் என்று சொன்னது நான், உள்ளே இருப்பது அவன். இது எனக்கு விளங்கவில்லை. டயரில் காற்றுதான் இருந்தது என்பதற்கு அத்தாட்சி அந்தக் காற்று ஒன்றுதான். அதையும் திறந்துவிட்டார்கள்.

ஏட்டம்மாவிடம், "சாராயம்னு ஒரு தடவ சொன்னேன், ஒடனே நம்புனீக. இல்லைன்னு எட்டுத் தடவ சொல்லிட்டேன், நம்ப மாட்டேங்குறீக. இது எந்த ஊரு ஞாயம் தாயி?" என்று கேட்டேன். "நீங்க எத நெசமாச் சொல்றீக, எத வெளையாட்டாச் சொல்றீகன்னு யாரு கண்டா பெரியவரே?" என்றார். என் வீட்டிலும் இதையேதான் சொல்கிறார்கள்.

லாரிக்கு அடியில் படுத்துப் பார்த்தால் குழாய் டயருக்குப் போகிறது என்று தெரிந்துவிடும். மூன்று பேரிடம் சொன்னேன். யூனிஃபார்ம் அழுக்காகும் என்கிறார்கள். டயரை இறக்க மெக்கானிக்குக்குச் சொல்லியிருப்பதாகவும், அவர் நாளைக்கு வருவார் என்றும் சொல்கிறார்கள். மணி ஒன்றாகிறது. லாரி வெயிலில் நிற்கிறது. வெற்றிலை மேல் கிடக்கும் சாக்கை நனைக்க ஒரு குடம் தண்ணீர் கேட்டேன். தடயம் நனைந்துவிடும் என்றார்கள். மேலும் நான் சொல்வது என்னவென்றால், நாளைக்கு மெக்கானிக் வந்து பார்த்து, இது காற்றுதான் என்று

இதுக்கு மேல நான் எழுதுறது. ஏட்டம்மா பாதியில பேனாவ வச்சுட்டு எந்திரிச்சுப் போயிட்டாக. "எங்க தாயி போறீக, நான் இன்னும் முடிக்கல"ன்னு கேட்டேன். திரும்பிப் பாக்கல. சாப்புடப் போறாகளா, பெரிய ஐயாவக் கூப்புடப் போறாகளா, தெரியல. கையில டார்ச்சோட லாரிப் பக்கமா நடக்குறாக. இந்த வெயில்ல டார்ச் எதுக்குன்னும் தெரியல.

மேல இருக்குறது பூராம் நெசம். அருள்பாண்டி தம்பிகிட்டச் சொன்ன அந்த ரெண்டு பேச்சு மட்டும் பொய். அதுக்குத் தண்டன உண்டுன்னா என்னய உள்ள ஒக்கார வச்சுக்கிட்டு அவன அனுப்பிருங்க. நான் எம்புட்டு நேரம்னாலும் இருப்பேன். வெத்தல இருக்காது.

மொக்கைச்சாமி