கோல்டு ரூமில் ஒரு பத்து மணி

கல்மண்டபத்தில் கிளம்பிய ஷேர் ஆட்டோவில் டிரைவர், மீன் கூடையோடு ஓர் அம்மா, எதிரே கணவன் மனைவி, நான், ஆக ஐந்து பேர்.

"நேத்து நம்ம எறா கம்பெனில, சரக்க ஒறைய வெக்கிற கோல்டு ரூமுல போயி நின்னேன்யா," என்றாள் மனைவி.

"பேக்கிங்ல கீறவளுக்கு அங்க இன்னா வேலை?"

"மொத மொத வெளிநாடு, பனிக்காலத்துல நாலு நாளு அல்மாட்டி போலாம்னு நீதானே உசுர வாங்குற. அந்தக் குளுருல எனுக்கு மூச்சு இளைப்பு வந்துட்டா? அதான் நின்னு பாத்தேன்."

அவன் அவள் பக்கம் திரும்பினான்.

"லூஸாமே நீ? உள்ளயே வுழுந்திருந்தா?"

"சூப்பர்வைசர் அக்கா கதவாண்ட நின்னுகினுதான் இருந்துச்சு. ஜெபமாலைல பத்து மணி உருட்டி முடிச்சுட்டுதான் வெளிய வந்தேன்."

"இளைப்பு?"

"வர்லயே!"

அவன் போனை எடுத்தான். "அப்ப டிக்கெட் போட்டுரட்டா?"

"போடுயா."

கூடைக்கார அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. "அப்டி இன்னாமா கீது அந்த ஊர்ல?"

"ஐஸு, அக்கா. வானத்துலேர்ந்து தானா கொட்டுமாம், ஊரு பூரா."

அந்த அம்மா, கூடையில் உருகிக்கொண்டிருந்த ஐஸைக் குனிந்து பார்த்தார்.

"துட்டு இல்லாமயா?" என்றார்.