பத்தில் எட்டு ஆம்

மதியம் வயிறாரச் சாப்பிட்டால் அறுபது வயதுக்காரருக்குக் கண் சொக்கத்தான் செய்யும். அது எனக்கும் தெரியும். உட்காரச் சொல்கிறீர்கள், கொஞ்ச நாளாக ஓரிடத்தில் உட்கார முடிவதில்லை. நின்றுகொண்டே சொல்கிறேன்.

என் பெயர் சசிதர். கோயம்புத்தூரில் ஆண்களுக்கான கிளினிக் வைத்திருக்கும் டாக்டர். வயதான ஆண்களுக்கு ஹார்மோன் குறைந்திருக்கிறதா என்று பார்க்க ஒரு கேள்வித்தாள் உண்டு. சாப்பிட்டதும் தூக்கம் வருகிறதா, மனது சோர்ந்திருக்கிறதா, முன்போல் தெம்பில்லையா என்று பத்துக் கேள்விகள். நிறைய ஆம் வந்தால் குறை இருக்கலாம். ரத்தம் பார்த்துத்தான் உறுதி சொல்ல வேண்டும். அந்த ‘இருக்கலாம்’ என்ற சொல்லை நான் எடுத்துவிட்டேன். அது ஜனங்களைக் குழப்பும்.

கிணத்துக்கடவில் நான் நடத்திய மருத்துவ முகாமுக்குச் சுப்பண்ணன் வந்தார். தென்னந்தோப்புக்காரர். பொள்ளாச்சி ரோட்டில் நடந்த பைக் விபத்தில் ஒரே மகனைப் பறிகொடுத்தவர். நான் கேள்விகளை வாசிக்க, மனைவி தெய்வாத்தாள்தான் பதில் சொன்னார்.

“மனசு சோர்வா இருக்குதுங்களா?”

“பையன் போனதுலிருந்து பேச்சே இல்லீங்க டாக்டரே. சோத்துல கைய வெச்சுட்டு அப்படியே உக்காந்துக்கறாருங்க.”

பத்தில் எட்டு ஆம்.

“ஹார்மோன் குறைங்க. ஊசி போட்டாச் சரியாப் போயிரும்,” என்றேன், எல்லோர் காதிலும் விழும்படி. சுப்பண்ணன் அப்போதுதான் என்னை நிமிர்ந்து பார்த்தார். துக்கத்துக்கு ஊசி இருக்கிறது என்று கேட்ட மனிதரின் முகம் அது.

ரத்த முடிவு பிறகு வந்தது. ஹார்மோன் சரியாகவே இருந்தது. புரோஸ்டேட் சுரப்பிக்காகப் பார்க்கும் பி.எஸ்.ஏ. அளவு மட்டும் மிக அதிகம். புற்றுநோயைச் சந்தேகிக்க வேண்டிய அளவு. அப்படிப்பட்டவருக்கு அந்த ஹார்மோன் ஊசி கூடாது, புற்றை வளர்த்துவிடும் என்பது எந்த டாக்டருக்கும் தெரியும். லேபிலிருந்து ஹாரிகா என்ற பெண் இரண்டு முறை போன் செய்தாள். பார்த்துவிட்டேன் என்றேன். அவள்தான் உங்களிடம் புகார் கொடுத்திருப்பாள். நல்ல பெண்.

தெய்வாத்தாளும் கேட்டார். “ரத்தத்துல ஒண்ணும் இல்லீங்களே?”

“ஒண்ணுமில்லீங்கம்மா. ஊசிக்குக் கூட்டிட்டு வாங்க.”

முகாமில் அத்தனை பேர் முன்னால் சொல்லியாகிவிட்டது. மாற்றிச் சொன்னால் அந்தக் கேள்விகள் மீதே நம்பிக்கை போய்விடும். அதோடு, அந்த முகத்தில் வந்த வெளிச்சத்தை அணைக்க எனக்கு மனம் வரவில்லை.

ஊசி போட்டதும் சுப்பண்ணன் தோப்புக்குத் தண்ணீர் கட்டப் போனார். டீக்கடையில் பேசினார். சில மாதம் கழித்து முதுகு வலிக்கிறது என்று வந்தார். புற்று எலும்புக்குப் பரவினால் அப்படித்தான் வலிக்கும்.

“ரொம்ப நாள் கழிச்சு மம்பட்டி புடிக்கறீங்க, அதாங்க,” என்று சொல்லி அடுத்த ஊசியையும் போட்டேன்.

கால்கள் மரத்துப்போய்ப் படுக்கையில் விழுந்த பிறகு, வேறொரு மருத்துவமனையில் புற்றுநோய் என்றார்கள். ஆடிக்குள் போய்விட்டார். தெரிந்தேதான் போட்டேன், ஒவ்வொரு ஊசியையும் தெரிந்தே போட்டேன். எழுதிக்கொள்ளுங்கள்.

காரியம் முடிந்து தெய்வாத்தாள் கிளினிக்குக்கு வந்தார். நான் அறைக்குள் நடந்துகொண்டிருந்தேன்.

“கடைசியாக் கொஞ்ச நாளாச்சும் மனுசனா நடமாடுனாருங்க. உங்க புண்ணியம்,” என்று கைகூப்பினார். “என்ற தம்பியும் இப்ப சோந்து கெடக்கறானுங்க. கூட்டியாரட்டுங்களா?”

கூட்டிவரச் சொன்னேன். மறுத்திருந்தால், துக்கத்தில் இருக்கிற அந்த அம்மாளின் மனம் நொந்துபோயிருக்கும்.