அரிசி டப்பாவில் பூனைக்காலி

நவுவாவிலிருந்து சுவா நகருக்குப் போகும் பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள். இளையவள் ஊருக்கே கேட்கும்படி பேசினாள்.

“எங்க வூட்டுக்காரரு அரிசி டப்பாவுல பூனைக்காலிப் பொடிய ஒளிச்சு வச்சிருக்காருக்கா. ஆண்மைக்காம். தினமும் அரிசி அளக்குறவ நான்னு கூடவா தெரியாது?”

“அது உன் வேலியிலயே காய்க்குதேடி?”

“அரிக்குதுன்னு அவருதான் வெட்டிக் கொளுத்தினாரு. இப்ப அதையே சுவாவுல புட்டியில வாங்கி முழுங்குறாரு.”

“எத்தினி நாளா?”

“மூணு வருசமாவாம், எடம் மாத்தி மாத்தி ஒளிச்சு. அந்த மூணு வருசமும், புள்ள இல்லன்னு மாரியம்மன் கோயில்ல என்னைத்தான் தீ மிதிக்க வச்சாரு.”

“இந்த வருசமும் மிதிக்கப் போறியா?”

“காப்புக் கட்டித் தீ மிதிக்க அவரு பேரக் குடுத்துட்டுத்தான் பஸ் ஏறினேன்.”