தேயிலைப் பக்கத்து ஜன்னல்

அடுக்குமாடியில் வீடு வாங்குகிறவர்கள் முதலில் ஜன்னலைத் திறந்து பார்க்க வேண்டும். தரை, சுவர், குளியலறை எல்லாம் பிறகு. பண்டாரவளையில் ஒரு ஹோட்டலின் வரவேற்பு மேசையில் நான்கு வருடம் இருந்தவள் நான். வெள்ளைக்காரர்கள் எதற்குக் காசு கொடுப்பார்கள் என்று எனக்குத் தெரியும். தேயிலை தெரிய வேண்டும். தொழிலாளர் குடியிருக்கும் லயம் தெரியக் கூடாது.

எல்ல ஊர்ப் பக்கம் எழும்பிக்கொண்டிருந்த கட்டிடத்தில் வலது பக்க வீடுகள் மலிவு. அங்கிருந்து எங்கள் தோட்டத்து லயத்தின் தகரக் கூரை தெரிந்தது. நான் நான்காம் மாடியில் இடது மூலையைக் கேட்டேன். விற்பனையைப் பார்த்த ஸப்ரான் பதுளைக்காரர்.

"என்ன தங்கச்சி, சொந்தத் தோட்டம் தெரியிற பக்கத்த வேணாங்கிறீங்க?"

"அத பாத்துத்தான் வளந்தேன். வாடகைக்கு வாறவனுக்கு அது என்னாத்துக்கு?"

"ஆள் யாவாரிதான்" என்று சிரித்தார். இம்மாதக் கடைசியோடு விலை ஏறும் என்றும் சொன்னார்.

எனக்கு அவகாசம் இல்லை. தோட்டத்தில் ஒரு வழக்கம் இருக்கிறது. வீட்டில் ஒருவருக்காவது அங்கே பேர் பதிந்திருக்க வேண்டும். அப்பா இராமையா வேலையிலிருந்து நின்றுவிட்டார். அம்மா நல்லம்மா சித்திரையோடு நிற்க வேண்டும். மகளைப் பேர் பதிய வை, அல்லது லயத்துக் காம்பராவைத் திருப்பிக் கொடு என்று தோட்டத்து ஆபீஸிலிருந்து கடிதம் வந்தது. எங்கள் லயத்திலிருந்து கம்பஸுக்குப் போன முதல் ஆள் நான். பொருளியல் பட்டதாரி. நான் கூடையைக் கட்டிக்கொண்டு மலை ஏற வேண்டுமாம்.

கடிதங்கள் சிங்களத்தில்தான் வரும். வாசித்துச் சொல்வது நான். அந்தக் கடிதத்தைச் சரியாகவே வாசித்தேன்.

அதே வாரம் ஆஸ்பத்திரிக் கடிதமும் வந்தது. அப்பாவின் இதயத்துக்கு வால்வு மாற்ற வேண்டும். ஒப்பரேசன் இலவசம். வால்வை வெளியில் வாங்கிக்கொண்டு இந்த மாதம் பதினெட்டாம் தேதி வரச் சொல்லியிருந்தது. அப்பாவின் சேமலாப நிதியைத் தவிர எங்களிடம் வேறு காசு இல்லை. அது வால்வுக்குப் போதும். வீட்டின் முற்பணத்துக்கும் போதும். இரண்டுக்கும் போதாது.

அம்மா வேலைக்குப் பேர் கொடுக்கும் காலைப் பெரட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள்.

"என்னாம்மா எழுதியிருக்கான்?" என்று அப்பா கேட்டார்.

"ஆறு மாசம் கழிச்சு வரச் சொல்றாங்கப்பா. அவசரமில்லயாம்."

"பாத்தியா நல்லம்மா? நமக்கு ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லாத ஆளுதான் பீலியில தண்ணி புடிச்சிட்டு வர நாலு தரம் குந்துறாரு" என்றாள் அம்மா.

அப்பா கடிதத்தை வாங்கிப் பார்த்தார். பிறகு மடித்துக் கொடுத்தார்.

"அப்ப அந்தக் காசு சும்மாதானே கெடக்கும்? நீ சொன்ன வீட்டுக்குக் கட்டும்மா."

நான் கேட்கவில்லை. அவராகவே சொன்னார்.

கட்டிடத்துக்குத் தேய்மானம் உண்டு, ஆனால் விலை ஏறும் என்று படித்திருக்கிறேன். மனிதனுக்குத் தேய்மானம் மட்டும்தான். அறுபத்து மூன்று வயது இதயத்தில் புது வால்வு எத்தனை வருடம் ஓடும்? வீடு வாடகை தரும். அந்த வாடகையில் பதுளை டவுனில் அம்மாவையும் அப்பாவையும் குடிவைக்கலாம். இருநூறு வருடமாக எங்களில் ஒருவர் பேரிலும் உறுதிப் பத்திரம் இருந்ததில்லை. நிதானமாக யோசித்துத்தான் செய்தேன்.

காசு கட்டும் நாளன்று அப்பாவும் வந்தார். "பதினெட்டாந் தேதி போவோம்" என்று நாளைச் சொன்னது அவர்தான். லிப்ட் இன்னும் பொருத்தவில்லை. ஒவ்வொரு மாடியிலும் உட்கார்ந்து உட்கார்ந்து ஏறினார். என் போன் இரண்டு தரம் அடித்தது. ஆஸ்பத்திரி இலக்கம். நான் எடுக்கவில்லை.

அப்பா ஜன்னலருகே வெகுநேரம் நின்றார்.

"இங்கேருந்து நம்ம வீடு தெரியலயே."

"அதுக்குத்தாம்பா கூடக் காசு."

"நல்லது" என்றார்.

ஐந்து வாரம் கழித்து, பீலியடியில் முகம் கழுவக் குனிந்தவர் நிமிரவில்லை. ஒப்பரேசனுக்குத் தேதி கொடுக்கவில்லையா என்று டொக்டர் கேட்டார். "குடுத்தாங்கய்யா, அதுக்கு இன்னும் அஞ்சு மாசம் கெடக்கு" என்றாள் அம்மா. நான் பக்கத்தில்தான் நின்றேன். என்னிடம் யாரும் கேட்கவில்லை.

கருமாதி முடிந்து காம்பராவைக் காலி செய்தோம். அம்மா சுவரிலிருந்து காலண்டரைக் கழற்றினாள்.

"இது என்னா புள்ள, அப்பா சுழிச்சி வச்சிருக்காரு?"

வீட்டுக்குக் காசு கட்டிய மாதத்தில், பதினெட்டைச் சுற்றிப் பேனாவால் ஒரு வட்டம். பக்கத்தில் கீறல் கீறலாக 9 என்று எழுதியிருந்தார். நாங்கள் காசு கட்டப் போனது மத்தியானம். ஒன்பது மணிக்கு வரச் சொன்னது ஆஸ்பத்திரிக் கடிதம்.

அப்பாவுக்கு எந்த மொழியிலும் எழுத்துத் தெரியாது. ஆனால் இருபத்தாறு வருடம் கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் தராசு முள்ளைப் பார்த்து நிறை சொன்னவர். சிங்களக் கடிதத்திலும் இலக்கம் அதே இலக்கம்தான். அது எனக்குத்தான் தோன்றவில்லை.

"நானும் அப்பாவும் வீடு பாக்கப் போன நாள்மா" என்றேன். அம்மா வட்டத்தைத் தடவிப் பார்த்துவிட்டுக் காலண்டரைச் சுருட்டி வைத்தாள்.

ஆக, அப்பாவுக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்துதான் படியேறினார். எனவே இதை நான் தனியாகச் செய்தேன் என்று சொல்லாதீர்கள். இது அப்பாவும் நானும் சேர்ந்து எடுத்த முடிவு.