பட்டறைக் கூட்டாளி படிக்கப் போகிறார்

"அம்பது வயசுல காலேஜுக்கு மனுப் போடறவன நம்பக்கூடாது மாப்ள."

சிங்காநல்லூரில் பேருந்து கிளம்பக் காத்திருந்தது. எனக்கு முன் சீட்டில் நரைத்த தலைக்காரர் ஒருவர் தன் மச்சினனிடம் இப்படிச் சொன்னார்.

"ஆருங்க மாமா?"

"நம்ம பட்டறைக் கூட்டாளிதான். யுனிவர்சிட்டியில கம்ப்யூட்டர் டிராயிங் படிக்கப் போறானாமா. மூணு மாசம், சனிக்கிழமை வகுப்பு."

"நல்லதுதானுங்களே."

"என்ன நல்லது? டிராயிங் போடறது நானு, லேத்து ஓட்டறது அவன். அதனாலதான் இத்தன வருசம் பட்டறை ஒண்ணா ஓடுது. டிராயிங்கும் அவனே போட்டுக்கிட்டா அப்புறம் நான் எதுக்கு?"

"கேட்டுப் பாத்தீங்களா?"

"கேட்டா, சும்மா தெரிஞ்சுக்கலாம்னுதான்ங்கறான். சும்மா எவனாச்சும் பரீட்சை எழுதுவானா?"

மச்சினன் சிரித்தார். "செரி, நீங்க என்ன பண்ணப் போறீங்க?"

பெரியவர் குரலைத் தாழ்த்தினார். எனக்கு நன்றாகவே கேட்டது.

"நானும் அங்கயே மனுப் போட்டுப்போட்டேன். லேத்து வேலை படிக்கறதுக்கு."

"அட! அப்பச் சனிக்கிழமையானா ரெண்டு பேரும் உங்க வண்டியிலயே ஒண்ணாப் போயிருங்க மாமா."

"அந்த வண்டி பட்டறை பேர்ல இருக்குது. அது ஆருக்குன்னு மொதல்ல பேசி முடிக்கோணும்."